பிரான்சில் ஊர்ப் பலகைகளைத் தலைகீழாக மாட்டியது ஏன்?

2023 இலையுதிர் காலத்தில் தெற்கு பிரான்சின் தார்ன் மாவட்டத்தில் ஒரு விசித்திரம் நடந்தது. ஊர் எல்லையில் நிற்கும் பெயர்ப் பலகைகளை யாரோ கழற்றித் தலைகீழாகத் திருப்பி, அதே கம்பத்தில் அதே திருகாணிகளை முடுக்கிவிட்டுப் போயிருந்தார்கள். பலகை உடையவும் இல்லை, திருடுபோகவும் இல்லை. செய்தது யார் என்பதிலும் மர்மம் இல்லை. மாவட்ட விவசாயிகள் சங்கமும் இளம் விவசாயிகள் சங்கமும் வெளிப்படையாகவே பொறுப்பேற்றன. "தலையால் நடந்துகொண்டிருக்கிறோம்" என்பது அவர்கள் முழக்கம். நாடு தலைகீழாக நடக்கிறது என்று பொருள். அடுத்த சில வாரங்களில் இது நாடெங்கும் பரவியது. 2024 ஜனவரியில் டிராக்டர்கள் நெடுஞ்சாலைகளை மறித்தபோதுதான் உலகச் செய்தியானது.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு கேள்வி எழும். ஐரோப்பிய ஒன்றியத்திலேயே அதிக விவசாய மானியம் வாங்கும் நாடு பிரான்ஸ். அங்கே விவசாயிக்கு என்ன குறை? டீசல் வரி என்றார்கள், பூச்சிமருந்து என்றார்கள், தென் அமெரிக்க மாட்டிறைச்சி என்றார்கள். எல்லாமே உண்மைதான். ஆனால் எந்த ஒன்றும் தனியாக இந்தக் கோபத்தை விளக்காது. அந்தப் பலகைக்குப் பின்னால் இருக்கும் ஊர் எப்படிப்பட்டது, அதில் விவசாயியின் இடம் எவ்வளவு சுருங்கிவிட்டது என்பதிலிருந்து தொடங்கினால்தான் மற்றவை புரியும்.

முதலில், ஊர் என்பது எது?

பலகை வெறும் அலங்காரம் அல்ல. வெள்ளைப் பின்னணியில் சிவப்பு விளிம்பும் கறுப்பு எழுத்தும் கொண்ட அந்தப் பலகை நிற்கும் இடத்தில்தான் சாலைச் சட்டப்படி குடியிருப்புப் பகுதி தொடங்குகிறது. வேறு அறிவிப்பு இல்லாவிட்டால் அங்கிருந்து மணிக்கு 50 கிலோமீட்டர்தான் வேக வரம்பு. ஊர் முடியும் இடத்தில் அதே பெயரின் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. தெற்குப் பகுதிகளில் பிரெஞ்சுப் பெயருக்குக் கீழே ஒக்சிதான் மொழியிலும் பெயர் எழுதிய இரண்டாவது பலகை இருப்பதுண்டு.

நிர்வாகக் கணக்கில் ஊர் என்பது கொம்யூன். புதுச்சேரிக்காரர்களுக்குப் பழக்கமான சொல் இது. பாகூர், வில்லியனூர், திருநள்ளாறு எல்லாம் இன்றும் கொம்யூன் பஞ்சாயத்துகள்தான், பிரெஞ்சு ஆட்சி விட்டுப்போன பெயர். ஆனால் அளவில் ஒப்பிட முடியாது. பிரான்சில் ஏறத்தாழ 35,000 கொம்யூன்கள் இருக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேற்பட்டவற்றில் 500 பேர்கூட இல்லை. 80 பேர் வாழும் ஊருக்கும் ஒரு மேயர், ஒரு மன்றம், ஒரு மேயர் அலுவலகம் உண்டு. 1789 டிசம்பரில், புரட்சி நடந்த அதே ஆண்டில், பழைய கிறித்தவக் கோயில் பங்குகளின் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட வட்டாரங்களின்) எல்லையை ஒட்டியே பெரும்பாலான கொம்யூன்கள் வகுக்கப்பட்டன. பிறகு எத்தனையோ அரசுகள் அவற்றை ஒன்றாக இணைக்கப் பார்த்தன, பெரும்பாலும் நடக்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கையான சுமையும் உண்டு. 1905இல் அரசையும் திருச்சபையையும் பிரித்த சட்டத்தின் விளைவாக, அதற்கு முன் கட்டிய ஊர்க் கோயில்களில் பெரும்பாலானவை கொம்யூனின் சொத்தாகிவிட்டன. ஞாயிறு பூசைக்குப் பத்துப் பேர் வராவிட்டாலும், 150 பேர் வாழும் ஊர்தான் பல நூற்றாண்டுப் பழைய கூரையைப் பழுதுபார்க்க வேண்டும்.

ஊரில் இருப்பது யார்?

பிரான்சின் நிலப்பரப்பில் ஏறத்தாழ பாதி இன்னும் விவசாய நிலம். ஊரைச் சுற்றிக் கோதுமையும் மக்காச்சோளமும் சூரியகாந்தியும் மேய்ச்சல் புல்லும் தெரியும். பார்க்கிறவர் அது விவசாயிகளின் ஊர் என்றே நினைப்பார். கணக்கு வேறு மாதிரி. நாட்டில் வேலை செய்வோரில் சொந்தப் பண்ணை நடத்துபவர்கள் 1982இல் 7 சதவீதமாக இருந்தார்கள், 2019இல் 1.5 சதவீதம். சிறிய ஊரில் இரண்டு மூன்று பண்ணைகள் மிஞ்சியிருந்தாலே பெரிது. மற்றவர்கள் பக்கத்து நகரத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள், ஓய்வுபெற்றுக் குடிவந்தவர்கள், கோடையில் மட்டும் கதவு திறக்கும் இரண்டாம் வீட்டுக்காரர்கள். பள்ளியை மூன்று நான்கு ஊர்கள் பங்குபோட்டுக்கொள்கின்றன: ஒரு ஊரில் சின்ன வகுப்புகள், இன்னொன்றில் பெரிய வகுப்புகள், நடுவில் ஒரு பேருந்து.

இந்த மாற்றம் நீதிமன்றம் வரைக்கும் போனது. அட்லாண்டிக் கரையோரத்து ஒலேரோன் தீவில் மொரிஸ் என்ற சேவல் அதிகாலையில் கூவுகிறது என்று பக்கத்தில் இரண்டாம் வீடு வைத்திருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 2019 செப்டம்பரில் தீர்ப்பு சேவலுக்குச் சாதகமாக வந்தது. 2021 ஜனவரியில் நாடாளுமன்றம் ஒரு சட்டமே இயற்றி, கிராமப்புறத்தின் ஒலியையும் மணத்தையும் நாட்டின் பொதுப் பாரம்பரியத்தில் சேர்த்தது. 2024 ஏப்ரலில் வந்த இன்னொரு சட்டம், முன்பே நடந்துவரும் தொழிலுக்கு அருகில் பின்னால் வந்து குடியேறியவர் அந்தத் தொழிலின் தொந்தரவைக் காட்டி இழப்பீடு கோருவதற்குக் கடிவாளம் போட்டது. சாண நாற்றத்துக்கும் சேவல் கூவலுக்கும் சட்டப் பாதுகாப்பு தேவைப்படும் அளவுக்கு ஊரில் விவசாயி சிறுபான்மை ஆகிவிட்டார். பலகையைத் தலைகீழாக்கியவர்கள் அரசிடம் மட்டும் பேசவில்லை, தங்கள் ஊர்க்காரர்களிடமும் பேசினார்கள் என்பது என் கணிப்பு. தினமும் காரில் அந்தப் பலகையைக் கடந்து போகிறவர்கள் அவர்கள்தானே.

நிலம் எப்படிக் கைமாறியது?

விவசாயிகள் குறைந்தது தானாக நடந்ததல்ல. பாதிக்குமேல் அது அரசின் திட்டம்.

1804இல் வந்த நெப்போலியன் சட்டத்தொகுப்பு பிள்ளைகள் எல்லோருக்கும் சொத்தில் உரிமை கொடுத்தது. தலைமுறைக்குத் தலைமுறை நிலம் துண்டு துண்டானது. ஒரே குடும்பத்துக்கு ஊரின் பல மூலைகளில் பல துணுக்குகள் என்ற நிலை வந்தது. 1941இல் வந்த நில ஒருங்கிணைப்புச் சட்டமும் போருக்குப் பிந்தைய அரசுகளும் இந்தத் துணுக்குகளைச் சேர்த்து டிராக்டர் திரும்பும் அளவுக்குப் பெரிய வயல்களாக்கின. வடமேற்கில் உள்ள பிரெத்தாஞ் (பிரிட்டனி) போன்ற பகுதிகளில் வயல்களுக்கு இடையே இருந்த உயிர்வேலிகள் ஏராளமாக வெட்டப்பட்டன. (இன்றைக்கு அதே வேலிகளை நட அரசு பணம் தருகிறது, மிஞ்சியதை வெட்ட அனுமதி வாங்க வேண்டும். விவசாயியின் எரிச்சலில் ஒரு பங்கு இதில் இருக்கிறது.)

1960, 1962ஆம் ஆண்டுச் சட்டங்கள் இன்னும் வெளிப்படையானவை. இரண்டு பேர் உழைத்து வாழக்கூடிய குடும்பப் பண்ணையே இலக்கு. அதைவிடச் சிறியவை மெல்ல மறைய வேண்டும். வயதான விவசாயி நிலத்தை விட்டுக்கொடுத்தால் வாழ்நாள் உதவித்தொகை தரப்பட்டது. நிலம் யாருக்குப் போகிறது என்பதைக் கவனிக்க 'ஸஃபேர்' என்ற அமைப்புகள் உருவாயின. விவசாய நிலம் விற்பனைக்கு வந்தால் பத்திர அதிகாரி ஸஃபேருக்குத் தெரிவிக்க வேண்டும். அது குறுக்கிட்டுத் தானே வாங்கி, பொருத்தமானவர் என்று கருதும் விவசாயிக்கு மறுவிற்பனை செய்யலாம். நம் ஊர்க் கண்ணுக்கு இது அதிசயமாகத் தெரியும்: நிலத்தை விரும்பியவருக்கு, விரும்பிய விலைக்கு விற்பதில் ஒரு மூன்றாம் கை எப்போதும் இருக்கிறது. அங்கே விவசாய நிலம் ஓரளவு மலிவாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் குத்தகைச் சட்டம். உழப்படும் நிலத்தில் பெரும்பகுதி குத்தகையில்தான் இருக்கிறது. 1945-46இல் வந்த விதிகளின்படி குத்தகை குறைந்தது 9 ஆண்டு. வாடகைக்கு மாவட்ட நிர்வாகம் மேல், கீழ் எல்லை வகுக்கும். உரிமையாளர் விற்றால் வாங்கும் முதல் உரிமை உழுபவருக்கு. ஆக நிலத்தின் சொந்தக்காரர் வேறு, அதில் உழுபவர் வேறு. உழுபவரின் கை ஓங்கியிருக்கிறது.

இத்தனை ஏற்பாடும் சேர்ந்து கொடுத்த விளைவு இது: 1955இல் 23 லட்சம் பண்ணைகள். 1970இல் 16 லட்சம். 1988இல் 10 லட்சம். 2010இல் 4,90,000. 2020இல் 3,90,000. சராசரிப் பண்ணையின் பரப்பு 1955இல் 14 ஹெக்டேர், 2020இல் 69 ஹெக்டேர். அதாவது 35 ஏக்கரிலிருந்து 170 ஏக்கர். பண்ணையைக் கம்பெனியாகப் பதிவு செய்து, நிலத்துக்குப் பதில் பங்குகளை விற்றால் ஸஃபேரின் கண்ணுக்குத் தப்பிவிடலாம் என்ற ஓட்டை ரொம்ப நாள் இருந்தது. அதை அடைக்க 2021 டிசம்பரில்தான் சட்டம் வந்தது.

170 ஏக்கர் வைத்திருப்பவருக்கு என்ன கஷ்டம்?

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பது 170 ஏக்கருக்கும் பொருந்துமா? பயிரைப் பொறுத்தது. பாரிஸைச் சுற்றிய சமவெளியில் கோதுமையும் சர்க்கரைக்கிழங்கும் போடுபவரும், பைரனீஸ் அடிவாரத்தில் மாடு மேய்ப்பவரும் ஒரே வகுப்பு அல்ல. 2018 கணக்கில் விவசாயி இருக்கும் குடும்பங்களில் 18 சதவீதம் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தன. நாட்டுச் சராசரியைவிட இது அதிகம். அதே தொழிலில் நன்றாகச் சம்பாதிப்பவர்களும் இருக்கிறார்கள். 2024இல் வெடித்தது முக்கியமாகத் தென்மேற்கின் கால்நடைக்காரர்களின் கோபம். அதன் காரணங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

1. மானியம். ஐரோப்பியப் பொது விவசாயக் கொள்கை 1962இலிருந்து இருக்கிறது. பிரான்சுக்கு ஆண்டுக்குச் சுமார் 900 கோடி யூரோ வருகிறது. முதலில் அது விளைபொருளின் விலையைத் தாங்கிப் பிடித்தது. 1992 சீர்திருத்தத்துக்குப் பிறகு படிப்படியாகப் பரப்புக் கணக்குக்கு மாறியது: இத்தனை ஹெக்டேருக்கு இவ்வளவு. நிலம் அதிகம் உள்ளவருக்கு மானியமும் அதிகம். மாட்டிறைச்சிப் பண்ணைகள் பலவற்றில் மானியத்தைக் கழித்துவிட்டால் வருமானம் என்று சொல்ல ஒன்றும் இருக்காது. தன் பொருளின் விலையில் வாழாமல் காசோலையில் வாழ்வது பலருக்கு மானப் பிரச்சினையாகவும் இருக்கிறது.

2. விலை. ஒரு கையளவு சூப்பர் மார்க்கெட் குழுமங்கள்தான் கொள்முதலை ஆள்கின்றன. 2018 அக்டோபரில் 'எகாலிம்' சட்டம் வந்தது. உற்பத்திச் செலவிலிருந்து விலை கட்ட வேண்டும் என்றது. உணவுப் பொருளை வாங்கிய விலைக்கு மேல் குறைந்தது 10 சதவீதம் வைத்துத்தான் கடையில் விற்க வேண்டும் என்றது. பிரபலப் பொருட்களில் கிடைக்கும் அந்தக் கூடுதல் லாபம் கீழே விவசாயிவரை வழிந்து வரும் என்பது வாதம். பெரும்பாலும் வழிந்து வரவில்லை. 2021இல் இரண்டாவது எகாலிம் சட்டம் எழுத்து வடிவ ஒப்பந்தத்தைப் பொது விதியாக்கியது. ஆனால் சில குழுமங்கள் கொள்முதல் அலுவலகத்தை பிரஸ்ஸல்ஸ் போன்ற வெளியிடங்களில் வைத்து, அங்கிருந்து பேரம் பேசுகின்றன. அப்படிப்பட்ட பேரத்தில் பிரெஞ்சுச் சட்டம் செல்லுமா என்பதே வழக்காகிவிட்டது.

3. டீசல். டிராக்டருக்குப் போடும் நிறமேற்றிய டீசலுக்கு வரிச்சலுகை உண்டு. அதை 2030 வரை ஆண்டுதோறும் லிட்டருக்கு 2.85 சென்ட் வீதம் குறைக்க அரசு முடிவெடுத்தது. பெரிய விவசாய சங்கமான எஃப்.என்.எஸ்.இ.ஏ. தலைமை 2023 கோடையில் இதற்கு ஒப்புக்கொண்டிருந்தது. கீழ்மட்ட விவசாயிகளின் கோபம் சொந்தச் சங்கத்தின் மீதும் திரும்பியதற்கு இதுவும் காரணம்.

4. விதிகள். மானியம் வேண்டுமானால் மார்ச் 16 முதல் ஆகஸ்ட் 15 வரை உயிர்வேலியைக் கத்தரிக்கக் கூடாது; பறவைகள் கூடுகட்டும் காலம். உழவு நிலத்தில் 4 சதவீதம் விளைச்சலுக்கு இல்லாமல் விட வேண்டும் என்ற விதியும் அப்போது இருந்தது. ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருக்கிறது. ஆனால் உயிர்வேலி ஒன்றுக்கே 14 விதிமுறைகள் இருப்பதாக அப்போதைய பிரதமரே ஒப்புக்கொண்டார். சொந்த வயலை அளந்து, படம் வரைந்து, இணையத்தில் ஏற்றி, செயற்கைக்கோள் படத்தோடு ஒத்துப்போகிறதா என்று காத்திருப்பது இன்றைய விவசாயியின் வேலையில் ஒரு பகுதி.

5. நோய். 2023 செப்டம்பரில் மாடுகளுக்கு வரும் ரத்தக்கசிவு நோய் ஒன்று முதன்முறையாக பிரான்சில் கண்டறியப்பட்டது. கொசுவைவிடச் சிறிய கடிக்கும் பூச்சிகள் பரப்புவது. தெற்கிலிருந்து பைரனீஸைத் தாண்டி வந்தது. அப்போது தடுப்பூசி இல்லை. போராட்டம் அந்தப் பகுதியில் மூண்டதற்கு, என் பார்வையில், டீசலைவிட இதுதான் நெருங்கிய காரணம்.

விதிவிலக்கும் அதே மாவட்டத்திலேயே இருக்கிறது. தார்னில் லக்கோன் என்று ஒரு ஊர். அந்தப் பெயர் கொண்ட செம்மறியாட்டின் பாலில்தான் ரொக்ஃபோர் பாலாடைக்கட்டி செய்ய முடியும். 1925இல் சட்டம் அந்தப் பெயரைக் காத்தது. லோத்ரெக் என்ற இன்னொரு ஊரின் இளஞ்சிவப்புப் பூண்டுக்கும் 1996 முதல் ஐரோப்பிய அளவில் புவிசார் பாதுகாப்பு உண்டு. ஊர்ப் பெயருக்கே விலை கிடைக்கும் இடங்களில் விவசாயி கொஞ்சம் நிமிர்ந்து பேரம் பேச முடிகிறது. பெயரில்லாத பாலும் இறைச்சியும் விற்பவருக்கு அந்த வசதி இல்லை.

2024 ஜனவரியில் நடந்தது

ஜனவரி 18 அன்று துலூஸ் நகருக்குத் தெற்கே கார்போன் அருகே ஏ64 நெடுஞ்சாலையை கால்நடை விவசாயிகள் மறித்தார்கள். பெரிய சங்கங்கள் திட்டமிட்டு நடத்தியது அல்ல அது. பின்னால்தான் அவை ஓடிவந்து சேர்ந்தன. 23ஆம் தேதி பாமியே நகரத்துச் சாலை மறியலில் ஒரு கார் மோதி, ஒரு பெண் விவசாயியும் அவர் மகளும் இறந்தார்கள். 26ஆம் தேதி, பதவியேற்று மூன்று வாரம்கூட ஆகாத பிரதமர் கப்ரியேல் அத்தால் மோந்தாஸ்த்ருக்-தெ-சாலி என்ற சிற்றூரின் பண்ணைக்கு வந்து, வைக்கோல் கட்டின் மேல் குறிப்புத்தாளை வைத்துக்கொண்டு சலுகைகளை அறிவித்தார். டீசல் வரி உயர்வு ரத்து, நோய்க்கு 5 கோடி யூரோ உதவி நிதி, விதிகளைக் குறைக்கும் வாக்குறுதி. 29ஆம் தேதி பாரிஸைச் சுற்றி டிராக்டர்கள் முற்றுகையிட்டன. பிப்ரவரி 1 அன்று பூச்சிமருந்துப் பயன்பாட்டைக் குறைக்கும் திட்டத்தை அரசு நிறுத்திவைத்ததும் மறியல்கள் விலகத் தொடங்கின. 4 சதவீதத் தரிசு விதியை பிரஸ்ஸல்ஸும், அதாவது ஐரோப்பிய ஒன்றியமும், தளர்த்தியது.

இந்தப் பட்டியலில் எது விட்டுப்போயிருக்கிறது என்று பாருங்கள். செலவைக் குறைத்தார்கள், விதியைத் தளர்த்தினார்கள். விலையிலும் நிலத்திலும் கைவைக்கவில்லை. இரண்டிலும் விவசாயிகளுக்குள்ளேயே ஒற்றுமை இல்லாததால் அரசுக்கு அது எளிதாக இருந்தது. ஏற்றுமதி செய்யும் தானியக்காரருக்குத் திறந்த சந்தை வேண்டும். தென் அமெரிக்க நாடுகளின் கூட்டமைப்பான மெர்கோசூருடன் 2024 டிசம்பரில் பேச்சு முடிந்த ஒப்பந்தப்படி 7.5 சதவீதத் தீர்வையில் 99,000 டன் மாட்டிறைச்சி வரப்போகிறது என்று மாட்டுக்காரர் பயப்படுகிறார். 2025இல் அசிட்டாமிப்ரிட் பூச்சிமருந்தைத் திரும்பக் கொண்டுவர முயன்ற சட்டத்தில் இந்தப் பிளவு இன்னும் தெளிவானது. நாடாளுமன்றம் நிறைவேற்றியது, 20 லட்சத்துக்கும் அதிகமானோர் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள், ஆகஸ்ட் 7 அன்று அரசியலமைப்பு மன்றம் அந்தப் பிரிவை நீக்கியது. அந்த மருந்தைத் திரும்பக் கேட்ட ஹேசல்நட் தோட்டக்காரர் நொந்தார். சிறு விவசாயிகளின் சங்கம் மகிழ்ந்தது.

அடுத்த செய்தி வரும்போது கவனிக்க வேண்டியவை

ஆண்டுதோறும் சூப்பர் மார்க்கெட்டுகளுடன் விலைப் பேச்சு மார்ச் 1க்குள் முடிய வேண்டும் என்பது பொது விதி. குளிர்காலத்தில் டிராக்டர்கள் தெருவுக்கு வருவதற்கு வயலில் வேலை குறைவு என்பது ஒரு காரணம், இந்தக் கெடு இன்னொன்று.

அதைவிடப் பெரியது வாரிசுக் கேள்வி. 2020 கணக்கெடுப்பில் பண்ணை நடத்துபவர்களில் 43 சதவீதம் பேர் 55 வயதைத் தாண்டியவர்கள். அவர்கள் ஓய்வுபெறும்போது பிள்ளைகள் பலர் வருவதில்லை. விவசாயக் குடும்பத்தில் பிறக்காத புதியவர்கள் வரத் தயாராக இருக்கிறார்கள். ஆனால் 69 ஹெக்டேரும் கொட்டகையும் இயந்திரங்களும் கால்நடையும் சேர்ந்த விலை அவர்கள் கைக்கு எட்டாது. பக்கத்துப் பண்ணைக்காரருக்கு எட்டும். 2003இல் தொடங்கிய 'தேர் தெ லியான்' போன்ற இயக்கங்கள் பொதுமக்களின் சேமிப்பைத் திரட்டி நிலம் வாங்கிப் புதியவர்களுக்குக் குத்தகைக்கு விடுகின்றன. நல்ல முயற்சி, தேவைக்கு முன் சிறிது.

2027க்குப் பிந்தைய ஐரோப்பிய விவசாய நிதிக்கான முன்மொழிவை ஐரோப்பிய ஆணையம் 2025 ஜூலையில் வைத்தது. ஒதுக்கீடு குறைகிறது என்பதில்தான் தலைப்புச் செய்திகள் நின்றன. ஊரின் கண்ணிலிருந்து பார்த்தால் அதில் வேறு இரண்டு அம்சங்கள் முக்கியம்: ஒரு விவசாயிக்குப் பரப்புக் கணக்கில் தரும் மானியத்துக்கு ஆண்டுக்கு 1,00,000 யூரோ என்ற உச்சவரம்பு; ஓய்வூதியம் வாங்கத் தொடங்கியவருக்கு அந்த மானியத்தைப் படிப்படியாக நிறுத்துவது. இரண்டாவது நிறைவேறினால், மானியத்துக்காக நிலத்தை விடாமல் பிடித்திருக்கும் முதியவர்கள் அதை விட்டாக வேண்டும். ஓரிரு பண்ணைகளே மிஞ்சிய ஊர்களில் அந்த நிலம் பக்கத்துப் பெரிய பண்ணையோடு சேருமா, புதிதாக ஒரு குடும்பம் வந்து சேருமா என்பதை பிரஸ்ஸல்ஸ் முடிவு செய்யாது. அந்தந்த மாவட்டத்து ஸஃபேர் குழுவில், சங்கப் பிரதிநிதிகளும் வங்கிக்காரரும் உள்ளூர் மேயர்களும் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில், ஒவ்வொரு விற்பனையாகத்தான் அது முடிவாகும்.